நீந்தி, மிதித்து, ஓடி... காசு எதுவரை? தைரியம் எதுவரை?

ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் வத்திராயிருப்பிலிருந்து மகாராஜபுரம் வழியாகத் தாணிப்பாறை போகிற ரோட்டில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே மலை. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. இந்த ரோட்டில் இரண்டு வகையான சைக்கிள் போகும்.

ஒன்று, அரசாங்கம் கொடுத்த விலையில்லா சைக்கிள். கேரியரில் புல்லுக்கட்டு, ஹேண்டில்பாரில் தூக்குவாளி. மிதிக்கிற பையனுக்குப் பதினாறு வயசு. தோப்பில் வேலை முடிந்ததும் பம்ப்செட் கிணற்றில் குதித்துக் குளித்துவிட்டு வீட்டுக்கு ஓடுவான்.

இன்னொன்று மெலிந்த டயர் போட்ட சைக்கிள். ராஜபாளையத்திலிருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ வந்திருக்கும். மிதிக்கிற பெண்ணுக்குப் பதினாலு வயசு. தலையில் ஹெல்மெட், கையில் நாடித்துடிப்பு காட்டும் கடிகாரம். பின்னாலேயே அப்பாவின் கார். காருக்குள் தண்ணீர், துண்டு, மாற்று உடை, பழம், போன்.

இவர்களை ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். ஆனாலும் இருவரும் உங்களுக்குத் தெரிந்த பிள்ளைகள்தானே? நீங்கள் இதில் யாருடைய அப்பா, யாருடைய அம்மா என்பது உங்களுக்கே தெரியும்!

சரி, விஷயத்துக்கு வருவோம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் நிற்காமல் அடுத்தடுத்துச் செய்கிற பந்தயத்துக்கு டிரையத்லான் என்று பெயர். தண்ணீரிலிருந்து ஈர உடம்போடு ஓடிவந்து சைக்கிளை எடுக்கிற நேரமும், சைக்கிளை நிறுத்திவிட்டு ஷூ மாட்டுகிற நேரமும்கூடக் கணக்கில் சேரும். 1974-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் விளையாட்டாக ஆரம்பித்து, 2000-ல் சிட்னி ஒலிம்பிக்ஸில் நுழைந்தது. ஒலிம்பிக் தூரம் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். பிள்ளைகளுக்கு இதைப் பல மடங்கு குறைத்துவிடுவார்கள். 'அயர்ன்மேன்' என்ற ராட்சஸத் தூரப் பந்தயத்தில் 18 வயது ஆகாதவர்களைச் சேர்ப்பதே இல்லை.

நம் இரண்டு பிள்ளைகளில் யார் இதில் முன்னுக்கு வருவார்கள்? 'கார் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைதான்' என்று ஒருவர் சொல்வார். 'அதெல்லாம் இல்லீங்க, உழைக்கிற பையன்தான், அவன் உடம்பு இரும்பு' என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேச்சிலும் பாதிதான் உண்மை. மிச்சப் பாதி தெரியாமல்தான் ஒரு வீட்டில் பிள்ளை வெறுத்துப்போய் விட்டுவிடுகிறது. இன்னொரு வீட்டில் ஆரம்பிப்பதே இல்லை.

காசு எங்கே வேலை செய்கிறது?

முதலில் ஒளிவுமறைவில்லாமல் ஒத்துக்கொள்வோம். இது காசு கேட்கிற விளையாட்டு. ஓரளவு சுமாரான ரோடு சைக்கிளே முப்பது, நாற்பதாயிரம் ரூபாயில்தான் ஆரம்பிக்கிறது. கார்பனில் செய்தது என்றால் லட்சக்கணக்கில் போகும். பந்தய சைக்கிள் எட்டு, ஒன்பது கிலோ எடைதான். நம் பையனின் சைக்கிள் இருபது கிலோ பக்கம் வரும், புல்லுக்கட்டைச் சேர்க்காமல்! நீச்சல் குளம் வேண்டும் என்றால் மகாராஜபுரத்திலிருந்து மதுரை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்துக்கு பஸ்சில் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை ஐந்து மணி பயிற்சிக்கு எந்த பஸ்சில் போவது?

நடிகர் மாதவனின் மகன் வேதாந்த் நீச்சல் வீரர். 2021-ல் கொரோனாவால் மும்பையில் பெரிய நீச்சல் குளங்கள் மூடிக் கிடந்தபோது, மகனின் பயிற்சிக்காகக் குடும்பமே துபாய்க்குக் குடிபோனது. 2022-ல் டென்மார்க் ஓப்பன் போட்டியில் வேதாந்த் 800 மீட்டரில் தங்கம் வாங்கினார். 2023-ல் மலேசியாவில் ஐந்து தங்கம். 'அவங்கப்பாவுக்கு வசதி இருந்தது, போனாங்க' என்று சிலர் முணுமுணுத்தார்கள். வசதி இருந்தது உண்மைதான். ஆனால் துபாய்க்குப் போன பிறகு தண்ணீருக்குள் இறங்கிக் கை வலிக்க வலிக்க நீந்தியது அப்பா இல்லையே! காசு அந்தப் பையனுக்குக் குளத்தின் கதவைத் திறந்துவிட்டது. கதவு திறக்காத பிள்ளைகளைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

அப்படிக் கதவு பாதியில் சாத்திக்கொண்ட கதை ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. குற்றாலீஸ்வரனை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 1994-ல், பன்னிரண்டு வயசில், பாக் நீரிணையை நீந்திக் கடந்த சென்னைப் பையன். அதே ஆண்டில் இங்கிலீஷ் கால்வாய் உட்பட ஆறு கடற்கால்வாய்களைக் கடந்து, 1966-ல் ஒரே ஆண்டில் ஐந்தைக் கடந்திருந்த மிஹிர் சென்னின் சாதனையை முறியடித்தார். கின்னஸில் பெயர் வந்தது, அர்ஜுனா விருது வந்தது. அடுத்து என்ன? வெளிநாட்டுப் பயிற்சி, படகு, ஆட்கள் என்று செலவு ஏறிக்கொண்டே போனது. தாங்கிப் பிடிக்க ஆளில்லை. நீச்சலை விட்டுவிட்டு இன்ஜினீயரிங் படிக்கப் போனார். படித்த, நடுத்தரத்துக்குக் குறையாத குடும்பத்துப் பிள்ளைக்கே இந்த நிலைமை. அவருக்குத் தன்னம்பிக்கையில் குறை இருந்ததா? இங்கிலீஷ் கால்வாயை நீந்திய பிள்ளையிடம் போய் அதைக் கேட்க முடியுமா?

ஆகவே, 'நம்பிக்கை இருந்தால் போதும், எல்லாம் வந்துடும்' என்று மேடையில் பேசுகிறவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடே பாருங்கள்.

தைரியம் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்க மனவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் ஒரு விஷயத்தை எழுதினார். 'இது என்னால் முடியும்' என்ற நம்பிக்கை ஒருவருக்கு நான்கு வழிகளில் வருகிறதாம். தானே செய்து பார்த்து ஜெயிப்பது. தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது. மற்றவர்கள் சொல்வது. தன் உடம்பு கொடுக்கிற அடையாளங்களைத் தான் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. இதில் முதல் வழிக்குத்தான் பலம் அதிகம். 'உன்னால முடியும்டா கண்ணு' என்று காலையும் மாலையும் சொல்வதற்கு பலம் குறைவு. நாமோ அதைத்தான் விடாமல் செய்துகொண்டிருக்கிறோம்!

இப்போது அந்தக் காருக்குத் திரும்பி வாருங்கள். செயின் கழன்றதும் அப்பா இறங்கி மாட்டிவிடுகிறார். தண்ணீர் பாட்டில் காலியானதும் அம்மா மாற்றித் தருகிறாள். எதிரே நாய் வந்தால் ஹாரன் அடிக்கப்படுகிறது. போட்டிக்குப் போனால் பையைத் தூக்குவது தாத்தா. தோற்றுவிட்டால், 'கோச் சரியில்லை, அடுத்த மாசம் வேற கோச்சிடம் போவோம்.' பிள்ளை தானாக எதையாவது செய்து முடித்த சந்தர்ப்பம் எங்கே இருக்கிறது? எல்லா வசதியும் கொடுத்த அன்பான பெற்றோர், தன்னம்பிக்கை விளைகிற ஒரே இடத்தை மட்டும் தெரியாமல் எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். அப்புறம், 'இவ்வளவு செலவு பண்றோம், இவளுக்குக் கான்ஃபிடன்ஸே இல்ல டாக்டர்' என்று வந்து உட்காருகிறார்கள்.

பாராட்டிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1998-ல் முல்லர், டுவெக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். புதிர்களைப் போட்ட பிள்ளைகளில் சிலரை 'நீ புத்திசாலி' என்று பாராட்டினார்கள். சிலரை 'நல்லா முயற்சி பண்ணியிருக்கே' என்று பாராட்டினார்கள். அடுத்தமுறை கடினமான புதிர் கொடுத்துத் தோற்க வைத்தபோது, 'புத்திசாலி'கள் துவண்டு போனார்கள். முயற்சிக்குப் பாராட்டு வாங்கியவர்கள் இன்னும் விரும்பி மல்லுக்கட்டினார்கள். 'எம்பொண்ணு பிறவி ஸ்விம்மர்' என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொல்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். பிறவியிலேயே வந்தது என்றால், தோற்கிற அன்று அவள் என்ன நினைத்துக்கொள்வாள்?

வசதியான வீடு என்றாலே கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. பிரிட்டனின் பிரவுன்லி சகோதரர்களைப் பாருங்கள். அப்பாவும் டாக்டர், அம்மாவும் டாக்டர். கட்டணம் வாங்குகிற நல்ல பள்ளிக்கூடம். குன்றும் மேடுமான யார்க்‌ஷயர் ஊர்ப்புறத்தில் சின்ன வயசிலிருந்தே ஓட்டமும் சைக்கிளும்தான் விளையாட்டு. அண்ணன் அலிஸ்டருக்குக் கேம்பிரிட்ஜில் மெடிக்கல் சீட் கிடைத்தது. கொஞ்ச நாள் படித்தார். டிரையத்லான் பயிற்சிக்காக அதை விட்டுவிட்டு லீட்ஸுக்கே திரும்பி வந்து விளையாட்டு சம்பந்தமான படிப்பில் சேர்ந்துவிட்டார்! (மெடிக்கல் சீட்டை விட்ட பிள்ளையை நம் ஊரில் வீட்டுக்குள் விடுவோமா?) 2008 பெய்ஜிங்கில் அவருக்கு 12-வது இடம்தான். 2012 லண்டனிலும் 2016 ரியோவிலும் தங்கம். தம்பி ஜானி 2012-ல் கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே சைக்கிளில் ஏறிவிட்டதற்காக 15 விநாடி நிறுத்தி வைக்கப்பட்டார். பதறாமல் நின்றுவிட்டு ஓடி வெண்கலம் வாங்கினார். வசதி அவர்களுக்கு நேரத்தைக் கொடுத்தது, சாப்பாட்டுக் கவலை இல்லாமல் செய்தது, தோற்றால் விழுந்துவிடாமல் ஒரு மெத்தையைப் போட்டு வைத்தது. அந்த மெத்தை இருந்ததால்தான் மெடிக்கல் சீட்டை விடும் தைரியமே வந்தது என்றுகூடச் சொல்லலாம். 'தோற்றா பரவாயில்ல, வீடு இருக்கு' என்பது எத்தனை பெரிய சொத்து! நம் மகாராஜபுரத்துப் பையனுக்கு அது இல்லை.

கிணற்றடிப் பையனிடம் இருப்பதும் இல்லாததும்

அவனிடம் என்ன இருக்கிறது? பண்டூரா சொன்ன முதல் வழி நிறையவே இருக்கிறது. சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீந்தக் கற்றவன். குரங்கு பெடல் போட்டு முட்டி சிராய்த்துச் சைக்கிள் கற்றவன். பஞ்சர் ஒட்டத் தெரியும். வெயில் பழகிய உடம்பு. ஆனால் இதெல்லாம் ஒரு திறமை என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. 'வெட்டியா ஊர் சுத்துறான்' என்றுதான் கேட்டிருக்கிறான். இரண்டாவது வழியும் அவனுக்கு அடைபட்டிருக்கிறது. அவன் தெருவில், அவன் சாதிசனத்தில், அவனைப் போன்ற ஒருவர் இந்தப் பந்தயத்தில் ஓடி அவன் பார்த்ததே இல்லை. பார்க்காததை எப்படி ஆசைப்படுவான்?

இங்கேதான் ஒரே ஒரு ஆள் போதும் என்கிறேன். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை உங்களுக்குத் தெரியும். ஐந்து வயசில் பஸ் ஏறி வலது கால் முட்டிக்குக் கீழே நசுங்கிப்போனது. அம்மா செங்கல் சுமந்து, காய்கறி விற்று, சிகிச்சைக்கு மூன்று லட்சம் கடன் வாங்கிப் பிள்ளையை வளர்த்தார். ஊனத்தைப் பார்க்காமல் பையனின் தாவலைப் பார்த்தவர், பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர். பிறகு பெங்களூரில் முறையான பயிற்சி கிடைத்தது. 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோ போட்டியில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக்ஸ், மூன்று பதக்கம். அம்மா, பி.டி. மாஸ்டர், பயிற்சியாளர் என்று கை மாறி மாறித் தாங்கியிருக்கிறார்கள். 'தன்னந்தனியா ஜெயிச்சான்' என்று பேப்பரில் போடுவது கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் யாரும் தனியாக ஜெயிப்பதில்லை.

கிணற்றடிப் பையனிடம் அளவுக்கு மீறி இருக்கும் ஒன்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தண்ணீரில் பயமின்மை. கிணற்றில் பல்டி அடிப்பதும், திறந்த நீரில் கூட்டத்துக்கு நடுவே 750 மீட்டர் மூச்சு வாங்கி நீந்துவதும் வேறு வேறு. கிணற்றில் பத்து கை போட்டால் படி வந்துவிடும். கண்மாயில் அப்படி இல்லை. மண் அள்ளிய பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. மழை பெய்தால் மலை ஓடைகளில் திடீரென்று வெள்ளம் வரும். 'எனக்குத் தெரியும்' என்ற நம்பிக்கை உயிரை எடுப்பது இங்கேதான். தனியாக இறங்கவே கூடாது. கரையில் நீச்சல் தெரிந்த ஒரு பெரியவர், பக்கத்தில் கயிறும் காலி பிளாஸ்டிக் கேனும். வலிப்பு நோய் உள்ள பிள்ளையை ஒரு நிமிஷம்கூடக் கண்பார்வையிலிருந்து விடக்கூடாது. முழுகிய பிள்ளையை மேலே எடுத்தால் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் வேண்டாம். மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும். இன்னொருவர் 108-க்குப் போன் போடட்டும். இந்த முதலுதவியை ஒரு நாள் நேரில் கற்றுக்கொண்டு வாருங்கள், படித்தால் மட்டும் போதாது.

பதின்மூன்று வயசில் தோற்றவர்கள்

இது டாக்டர்கள் அடிக்கடி பார்க்கிற விஷயம். பெண் பிள்ளைகளுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயசிலும், ஆண் பிள்ளைகளுக்குப் பதின்மூன்று, பதினாலு வயசிலும் கிடுகிடுவென்று வளர்த்தி வரும். ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வராது. ஒரே வகுப்பில் மீசை அரும்பிய பையனும், பால் முகம் மாறாத பையனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்களே! முன்னால் வளர்ந்தவன் ஜெயிப்பான். அவனுக்குப் பயிற்சி, பரிசு, கைதட்டல். பின்னால் வளர்கிறவன், 'எனக்கு வராது' என்று மூட்டை கட்டிவிடுவான். இரண்டு வருஷம் கழித்து அவன்தான் உயரமாக இருப்பான். ஆனால் அவன் மைதானத்தில் இருக்க மாட்டான்.

பிறந்த மாதம்கூட விளையாடுகிறது! கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறவர்களில் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள் ஏன் இவ்வளவு அதிகம் என்று 1985-ல் பார்ன்ஸ்லி என்பவர் எழுதினார். வயதுக் கணக்கு ஜனவரி ஒன்றிலிருந்து தொடங்கியதால், ஜனவரிப் பிள்ளைக்கு டிசம்பர்ப் பிள்ளையைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருஷ வளர்ச்சி கூடுதல். (நம் தாத்தாக்களுக்கு இந்தக் கவலை இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாதம்தான் பாதிப் பேருக்குப் பிறந்த மாதம்!) ஆகவே பன்னிரண்டு வயசுத் தோல்வியையும் வெற்றியையும் ரொம்பப் பெரிசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போன மாதம் அவனே ஓடிய நேரத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டுப் பையனோடு வேண்டாம்.

இந்த வளர்த்திக் காலத்தில் முட்டிக்குச் சற்றுக் கீழே ஒரு மேடு தட்டி, தொட்டால் வலிக்கிறது, படியேறினால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், 'சாக்குச் சொல்றான்' என்று தள்ளாதீர்கள். வளர்கிற எலும்பில் தசைநார் இழுக்கிற வலி அது. ஓட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் தானாகவே சரியாகும். வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடுவது வீரம் என்று நினைத்தால் மாதக்கணக்கில் இழுக்கும். ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம், அல்லது குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருப்பது, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு இதய டாக்டரிடம் போய் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் பயிற்சி? வாரத்துக்கு வயசு எத்தனையோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது குழந்தை விளையாட்டு மருத்துவர்கள் சொல்கிற கணக்கு. பன்னிரண்டு வயசு என்றால் மூன்று விளையாட்டும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. தூக்கம் எட்டிலிருந்து பத்து மணி நேரம். ராத்திரி ஒன்பதரை வரை டியூஷன், அப்புறம் ஹோம்வொர்க், காலை நாலரைக்கு நீச்சல் என்றால் மிஞ்சுவது ஆறு மணி நேரம்கூட இல்லை. எதையாவது ஒன்றைக் குறையுங்கள். எதைக் குறைப்பது என்பது உங்கள் வீட்டுச் சண்டை, நான் வரவில்லை.

உள்ளூர் வெயில் தனி விஷயம். விருதுநகர் மாவட்டத்தில் சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்கு மேல் பிள்ளைகளை ஓடவிடாதீர்கள். 2016-ல் மெக்சிகோவின் கோசுமெலில் நடந்த பந்தயத்தில் முன்னால் சொன்ன ஜானி பிரவுன்லி முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். எல்லைக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது வெப்பத்தில் தள்ளாட ஆரம்பித்துவிட்டார். பின்னால் வந்த அண்ணன் தன் வெற்றி வாய்ப்பை விட்டுவிட்டுத் தம்பியைத் தாங்கிக்கொண்டுபோய்க் கோட்டைக் கடக்க வைத்தார். ஒலிம்பிக் வீரருக்கே அப்படி என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு? தலைசுற்றல், உளறல், தள்ளாட்டம் தெரிந்த உடனே நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். உளறல் இருந்தால் அது அவசரம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

டப்பாவா, கடலையா?

வசதியான வீட்டில் முதலில் வாங்குவது புரோட்டீன் பவுடர் டப்பா. 45 கிலோ எடையுள்ள, நன்றாகப் பயிற்சி செய்கிற பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 55-லிருந்து 70 கிராம் வரை புரதம் போதும். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் ஏழெட்டு கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறு கிராம், ஒரு சின்னக் கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் எட்டு கிராம். சாம்பார், தயிர், இட்லியிலிருந்தும் கொஞ்சம் சேரும். டப்பா எதற்கு? சில டப்பாக்களில் தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருக்கும் ஆபத்தும் உண்டு. பின்னால் பரிசோதனையில் மாட்டினால், 'தெரியாமல் சாப்பிட்டேன்' என்பதை யாரும் கேட்க மாட்டார்கள். நீண்ட தூரம் சைக்கிள் மிதித்துவிட்டு வருகிற வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஒரு துண்டு பால்கோவா சாப்பிட்டால் குற்றமில்லை. தினமும் என்று பிள்ளை கேட்டால் சமாளிப்பது உங்கள் பொறுப்பு.

வசதி குறைந்த வீட்டில் பிரச்னை வேறு. வெறும் வயிற்றில் ஓட்டம், காலையில் ஒரு டீ. இதில் ரத்தசோகை சேர்ந்தால் எவ்வளவு மன உறுதி இருந்தாலும் கால் வராது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15-லிருந்து 19 வயசுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை என்று தெரிந்தது. 'அவளுக்குத் தைரியம் பத்தல, பாதியிலேயே நின்னுடறா' என்று சொல்வதற்கு முன் ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தருகிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக எறியாமல் விழுங்கச் சொல்லுங்கள். முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம், நெல்லிக்காய் கடிக்கலாம். சாப்பாட்டோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். பழைய சோறும் வெங்காயமும், கூடவே ஒரு முட்டை அல்லது கடலை, இதைவிட நல்ல காலை உணவு எனக்குத் தெரியவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் உண்டு. பயிற்சி கூடி, சாப்பாடு குறைந்தால் மாதவிலக்கு நின்றுபோகும். 'தொல்லை விட்டது' என்று சில பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள், சில பயிற்சியாளர்கள் நல்ல அடையாளம் என்பார்கள். உடம்புக்கு எரிபொருள் பற்றவில்லை, எலும்பு பலவீனமாகப் போகிறது என்பதன் அறிகுறி அது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதை எச்சரித்திருக்கிறது. தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டாலோ, பதினைந்து வயசு முடிந்தும் பூப்படையாவிட்டாலோ டாக்டரைப் பாருங்கள்.

உடம்பைத் தாண்டி, விடியக்காலை ஐந்தரைக்கு ரோட்டில் சைக்கிள் மிதிக்க எந்த வீட்டில் பெண்ணை அனுப்புவார்கள்? நீச்சல் உடை போட எந்தத் தெருவில் விடுவார்கள்? பணத்தைவிடப் பெரிய சலுகை, 'நீ போய்ட்டு வாம்மா' என்று சொல்கிற அப்பாவும் அண்ணனும்தான். அவர்கள் கூடவே ஓடிவந்தால் இன்னும் நல்லது. அப்பாவின் தொப்பையும் குறையும்!

எங்கே ஆரம்பிப்பது?

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு ஆண்டுதோறும் தேர்வு நடக்கிறது. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் கிடைக்கும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் தடகளமும் நீச்சலும் உண்டு. பணமில்லாத வீரர்களுக்கு உதவ 2023-ல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். வசதியுள்ள வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் பழைய கண்ணாடி, சின்னதாகிப்போன ஹெல்மெட், உயரம் பற்றாத சைக்கிள் பரணில் கிடக்கிறதே, பக்கத்து அரசுப் பள்ளி பி.டி. மாஸ்டரிடம் கொடுத்துப் பாருங்கள். யாருக்கு அளவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

நீச்சல் குளமே இல்லாத ஊரிலும் ஆரம்பிக்க ஒரு வழி இருக்கிறது. ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம் என்று நடத்தும் பந்தயத்துக்கு டூயத்லான் என்று பெயர். நாலு பள்ளிக்கூடங்கள் சேர்ந்தால் தாணிப்பாறை ரோட்டிலேயே நடத்தலாம். 2 கிலோமீட்டர் ஓட்டம், 8 கிலோமீட்டர் சைக்கிள், 1 கிலோமீட்டர் ஓட்டம். போலீஸில் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள். அமாவாசை, பௌர்ணமி நாட்களை விட்டுவிடுங்கள், சதுரகிரிக்கு வருகிற வண்டிகளில் ரோடே நிறைந்துவிடும். ஒரே ஒரு விதி வையுங்கள். எல்லோரும் விலையில்லா சைக்கிளைத்தான் மிதிக்க வேண்டும், எல்லோரும் ஹெல்மெட் போட வேண்டும். மெலிந்த டயர் சைக்கிளைக் காரிலேயே வைத்துப் பூட்டிவிடலாம். செயின் கழன்றால் யாரும் கிட்டே போகக் கூடாது, பிள்ளையே மாட்டிக்கொள்ளட்டும். அந்தப் பெண்ணுக்கு மாட்டத் தெரியாவிட்டால், அந்தப் பையன் முந்தின நாள் சொல்லிக்கொடுக்கட்டும். நாடித்துடிப்புக் கடிகாரத்தை எப்படிப் பார்ப்பது என்று அவள் அவனுக்குச் சொல்லிக்கொடுப்பாள். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் தண்ணீர்ப் பானையோடு அம்மாக்கள் நிற்கட்டும். ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். ஆறரைக்கு மேல் ஆடுமாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிவருவார்கள். ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்துவிட்டால் எந்தச் சைக்கிளாக இருந்தாலும் இறங்கித்தான் ஆக வேண்டும்!